படி தாண்டியதை யார் பார்த்தது?

முப்பத்திரண்டு வயதில் என்னை ‘ஓய்வு பெற்றவர்’ என்று யாராவது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் தென்காசியில் நான் ஏழு ஆண்டு வேலை பார்த்த பிசியோதெரபி மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்களுக்கு நான் அப்படித்தான். மையத்தின் ஆண்டு மலருக்கு ‘பழைய அக்கா’ ஒருத்தர் அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று வாரத்துக்கு ஒருமுறை கணவரிடம் கேட்கிறேன். அவரும் சலிக்காமல் “சரிதான்” என்கிறார். அவர் அவ்வளவு வேகமாகச் சொல்வதுதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது.

வந்த பெண்களின் கையில் தொடுதிரை டேப் ஒன்று இருந்தது. நாங்கள் எழுதிய நான்கு பக்கப் படிவம் போய், இப்போது எல்லாம் அதில்தான். குழந்தை எந்த மாதம் குப்புற விழுந்தது, எந்த மாதம் உட்கார்ந்தது, எந்த மாதம் நடந்தது என்று கட்டம் கட்டமாகக் கேட்கிறது. எண்ணைப் போடாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம்.

“அம்மாமாருக்கு மாசமே ஞாபகம் இல்லக்கா,” என்றாள் ஒருத்தி. “நாங்க கேட்டா ஏதோ ஒரு நம்பரைச் சொல்லுதாங்க. நாங்களும் போட்டுருதோம். நீங்க எப்படிக்கா கேப்பீங்க?”

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஒன்றரை மணி நேரம் நிறுத்தாமல் பேசியிருக்கிறேன். டீ ஆறிப்போனது. என் மகள் பாயில் உட்கார்ந்து அவர்களுடைய டேப்பின் உறையைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினோரு மாதம். உட்காருகிறாள், இன்னும் தவழவில்லை. அது கவலைப்பட வேண்டிய வயதே இல்லை என்று ஏழு ஆண்டு ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். இருந்தாலும் தினம் நான்கு முறை அவளுக்கு எட்டாத தூரத்தில் கிலுகிலுப்பையை வைத்துப் பார்க்கிறேன்.

அன்று பேசியதில் முக்கியமானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் நாலரை ஆண்டு படித்தேன். எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றின் பெயரும் அத்துப்படி. ஆனால் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாது. அது தென்காசிக்கு வந்த முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிட்டது. வெளிப்படுத்தியவர் மையத்தின் பொறுப்பாளர் ஜெயந்தி மேடம். அப்போது அவருக்கு நாற்பது இருக்கும். மெலிந்த உடம்பு, உரத்த குரல். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு குழந்தை வந்தால் பாயில் விடச் சொல்வார். தானும் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார். பத்து நிமிடம் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, பொம்மை காட்டக் கூடாது. குழந்தை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கையை முதலில் ஊன்றுகிறது, விழப்போகும்போது எதைப் பிடிக்கப் பார்க்கிறது என்பதையெல்லாம் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும்.

எனக்கு அது முடியவே இல்லை. குழந்தை லேசாகத் தடுமாறினாலே என் கை தானாகப் போய்விடும்.

“உன் கை என்ன, ரேஷன் கடை வரிசையாட்டி? முந்திக்கிட்டே போகுது!” என்பார். ஒருநாள் என் இரண்டு உள்ளங்கையிலும் இரண்டிரண்டு புளியங்கொட்டையை வைத்து, “இத கீழ போடாம வச்சிரு. பத்து நிமிஷம் கழிச்சு நான் எண்ணிப் பாப்பேன்,” என்றார். பட்டம் வாங்கிய பெண், புளியங்கொட்டையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் முதல்முறையாக, ஒரு குழந்தை விழாமல் இருக்கத் தானே என்னவெல்லாம் செய்கிறது என்று முழுதாகப் பார்த்தேன். விரல்கள் விரிகின்றன, வாய் திறக்கிறது, இடுப்பு ஒரு பக்கம் போனால் தலை மறுபக்கம் வருகிறது. அடடா, இதையெல்லாம் இத்தனை நாள் என் கை மறைத்துவிட்டதே என்று இருந்தது.

எங்கள் மையத்தில் காலையில் பெரியவர்கள் வருவார்கள், மாலையில் குழந்தைகள். ஒரே கூடம், அதே பாய். அதனால் ஒரே நாளில் பத்து மாதத்தையும் எழுபது வயதையும் பார்த்துவிடலாம். முதல் ஆண்டு வந்த முத்தையா அண்ணாச்சியை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். தென்காசியிலிருந்து கடையம் வழியாகப் போகும் பேருந்தில் முப்பது ஆண்டு கண்டக்டராக இருந்தவர். அறுபத்தாறு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதன் பிறகு சுவரை விட்டுக் கையை எடுக்க மாட்டேன் என்கிறார். ஓர் எட்டு வைக்க ஒரு நிமிடம். மூன்று வாரம் நான் அவருக்குப் படித்த பயிற்சி அத்தனையும் கொடுத்தேன். ஒன்றும் அசையவில்லை.

மேடம் ஒருநாள் காலையில், தொடைக்கு அடியில் கையைச் செருகிக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் கைப்பையை அவர் தோளில் மாட்டினார். கையில் நோயாளிகளின் அட்டைக் கட்டைக் கொடுத்தார். கூடத்தின் இரண்டு பக்கப் பெஞ்சிலும் காத்திருந்த எட்டுப் பேரைக் காட்டி, “அண்ணாச்சி, வண்டி கெளம்பிட்டு. டிக்கெட் போடுங்க,” என்றார்.

“இது என்ன பிள்ள வெளாட்டு மேடம்,” என்று அவர் கூச்சப்பட்டார்.

முழங்கால் வலிக்கு வந்திருந்த ஒரு அம்மாள் அலட்டிக்கொள்ளாமல் கையை நீட்டினாள். “கடையம் ஒண்ணு.”

நான் அவருடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பாதமும் தானாக அகன்றன. வலது பாதம் வெளியே திரும்பியது. முழங்கால் லேசாக மடங்கியது. இடுப்பு பெஞ்சின் ஓரத்தில் சாய்ந்துகொண்டது. சுவரைப் பிடித்திருந்த கை அட்டையைக் கிழிப்பதுபோல் நீண்டது. இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள். “உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்கப்படாது!” ஐந்தாவது ஆள் வேண்டுமென்றே “சில்லற இல்லவே” என்றான். அண்ணாச்சி இரண்டு கையையும் வீசி, கூடத்தின் நட்டநடுவில் எதையும் பிடிக்காமல் நின்று, அவனைத் திட்டினார். எட்டுப் பேரும் கைதட்டினோம். ஏன் தட்டுகிறோம் என்று அவருக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது.

“கால் மறக்கலட்டி,” என்றார் மேடம் என்னிடம். “அதுக்கு வேல இல்லாமப் போச்சு. அவ்வளவுதான்.”

வயதானால் அசைவு குறைந்துகொண்டே போகும் என்ற ஒற்றைக் கோடு அன்று என் மனதில் அழிந்தது. உடம்பு கற்றதை வயதுப்படி அடுக்கி வைப்பதில்லை. எந்த இடத்தில், எந்த வேலைக்காகக் கற்றதோ அதோடு சேர்த்து வைத்திருக்கிறது. அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தால் அசைவும் திரும்ப வருகிறது. அன்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் இதை மூன்று தடவை நடித்துக் காட்டினேன்.

இனி, அந்தப் பெண்கள் கேட்ட கேள்வி. அம்மாக்களிடம் மாதத்தை எப்படிக் கேட்பது?

மேடம் மாதத்தைக் கேட்கவே மாட்டார். “என்ன செஞ்சு குடுத்தீங்க?” என்று கேட்பார். எங்கள் பக்கத்தில் குழந்தை குப்புற விழுந்தால் ஒரு பலகாரம், உட்கார்ந்தால் ஒன்று, தவழ்ந்தால் ஒன்று. எதற்கு எது என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் முதல்முறை வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை. இது அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. அவித்துத் தெரு முழுக்கக் கொடுப்பார்கள். பிள்ளை உட்கார்ந்த மாதம் மறந்துபோன அம்மாவுக்கு, கொழுக்கட்டை கொடுத்த நாள் மறக்காது. அன்று மாவு போதாமல் போனது, மழை வந்தது, யார் வாங்காமல் முறைத்துக்கொண்டு போனார்கள் என்பது வரை சொல்வாள். மேடம் அதைக் கேட்டு, பக்கத்தில் பிறந்த தேதியை வைத்து, மாதத்தை எழுதிவிடுவார். எனக்கு இது பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது. ஆறு ஆண்டு நானும் இப்படித்தான் கேட்டேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. தவறவில்லை என்று நினைத்தேன்.

போன வருடம் வைகாசியில் வடகரையிலிருந்து தர்ஷினி வந்தாள். பத்தொன்பது மாதம். கொழுகொழு கன்னம், கருகருவென்று சுருட்டை முடி. நிற்கவில்லை, நடக்கவில்லை. பாயில் விட்டதும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். கூட வந்தவர்கள் அம்மா மாரிச்செல்வியும் அவளுடைய மாமியாரும். நெல்லும் தென்னையும் உள்ள கூட்டுக் குடும்பம். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். மாரிச்செல்வி இளையவள்.

“வாசப்படி தாண்டினாளா? கொழுக்கட்ட எப்ப போட்டீங்க?” என்று நான் கேட்டேன்.

மாரிச்செல்வி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் சொன்னார். “போன ஆவணி. பிள்ளையார் சதுர்த்திக்கு ரெண்டு நாள் முந்தி. அடுத்தடுத்து கொழுக்கட்டன்னு தெருவுல எல்லாரும் கேலி பேசினாங்கல்லா, நல்லா ஞாபகம் இருக்கு.”

எவ்வளவு துல்லியம்! கணக்குப் போட்டேன். பத்தாவது மாதம். மாரிச்செல்வியிடம் திரும்பி, “அப்படித்தானாம்மா?” என்றேன். அவள் தலையாட்டினாள்.

பத்தாவது மாதம் வாசற்படி தாண்டிய குழந்தை. மையத்தின் வாசலில், வீட்டு வாசற்படியில் பாதி உயரமே உள்ள மரப்பலகையை வைத்துப் பார்த்தேன். அதன் முன்னால் கொண்டுபோய் விட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தாண்டவில்லை. தாமதமாக வரும் திறனைப் பற்றி நாங்கள் அவ்வளவு பயப்பட மாட்டோம். வந்த திறன் போனால்தான் பயப்படுவோம். நரம்பையோ தசையையோ சிறிது சிறிதாகத் தின்னும் சில நோய்கள் அப்படித்தான் தொடங்கும். காத்திருக்கக் கூடாது, உடனே நரம்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ‘பத்தாம் மாதம் படி தாண்டினாள். இப்போது முடியவில்லை’ என்று எழுதி, இரண்டு வாக்கியத்துக்கும் கீழே சிவப்பில் கோடு போட்டேன். மேடம் படித்துவிட்டு முகம் மாறிக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் பேருந்தில் போய், குழந்தைகளின் நரம்பு மருத்துவரைப் பார்த்தார்கள். அவரும் என் சிவப்புக் கோட்டைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். “முன்னாடி செஞ்சத இப்ப செய்யலையா?” என்று கேட்டிருக்கிறார். மாரிச்செல்வி அங்கேயும் தலையாட்டியிருக்கிறாள். இரத்தம் எடுத்தார்கள். அடுத்து மதுரையில் நரம்புக்கும் தசைக்கும் சோதனைகள், வேண்டுமானால் தசையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது என்று தேதி குறித்தார்கள். இதில் சில நோய்கள் கூடிக்கொண்டே போகும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அவர் மீது தப்பே இல்லை. அந்தக் காகிதத்தில் இருந்ததை நம்பினார்.

மதுரைத் தேதிக்கு ஆறு நாள் முன்பு நான் வடகரைக்குப் போனேன். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம். அப்போது எனக்கு மூன்றாவது மாதம். பேருந்தில் இரண்டு இடத்தில் குமட்டியது. வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குப் போக வேண்டுமா, வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாமோ என்று வழியெல்லாம் யோசித்தேன்.

மருத்துவர் சொன்னதிலிருந்து அந்த வீட்டில் தர்ஷினியைத் தரையில் விடுவதே இல்லை. கீழே விட்டால் இருக்கிற பலமும் போய்விடும் என்று ஆளுக்கு ஒரு மணி நேரம் இடுப்பில் வைத்திருந்தார்கள். அவளுடைய பெரியப்பா மகன் கவின், அவளைவிட இருபது நாள் பெரியவன், முற்றத்துக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தான். மாரிச்செல்வி இளைத்துப்போயிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“கீழ விடுங்க. யாரும் தொடாதீங்க, கூப்பிடாதீங்க,” என்று சொல்லிவிட்டு, கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டேன்.

ஒரு நிமிடம் சும்மா இருந்தாள். பிறகு கவின் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். தர்ஷினி ஒரு கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, உட்கார்ந்தபடியே இடுப்பைத் தள்ளித் தள்ளி அவன் பின்னால் பறந்தாள்! அவ்வளவு வேகம். சிமெண்டுத் தரையில் சர் சர் என்று சத்தம். அவன் வாசற்படியைத் தாண்டி வெளியே போனான். இவள் படிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலை ஊன்றவில்லை, வயிற்றைச் சாய்க்கவில்லை. சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

ஒரு திறனை இழந்த குழந்தை இப்படியா இருக்கும்? பழைய வழியில் முயன்று பார்க்கும், பாதியில் சரியும், எரிச்சலில் அழும். இவளுக்குப் பழைய வழியே இல்லை. இவள் அந்தப் படியை ஒருநாளும் தாண்டியதில்லை.

எழுந்து முற்றத்துக்குப் போனேன். கொடியில் துணி காய்ந்தது. கவினின் நிக்கர்கள் நன்றாக இருந்தன. தர்ஷினியின் ஐந்து ஜட்டியும் பின்பக்கம் நூல் நூலாகத் தேய்ந்து, வெளிச்சம் தெரிந்தது. பெரிய சட்டைகளுக்கு நடுவே போன வருடத்துச் சின்ன ஜட்டி ஒன்று தரை துடைக்கும் துணியாகத் தொங்கியது. அதுவும் அப்படியே தேய்ந்திருந்தது. உள்ளே வந்து இரண்டு பிள்ளைகளின் முழங்காலையும் பார்த்தேன். கவினுக்குக் காய்த்துக் கருத்திருந்தது. தர்ஷினியின் முழங்கால் பிறந்த குழந்தையினுடையதுபோல் மெத்தென்று இருந்தது.

“இவ தவழ்ந்தாளா?” என்றேன்.

“எங்க தவழ்ந்தா?” என்றார் மாமியார். “அப்பப் புடிச்சு இப்படித்தாம் தேச்சுக்கிட்டே வருவா. இவ அப்பன் மட்டும் என்ன? ரெண்டு வயசு வரைக்கும் குண்டிய வச்சே ஊரச் சுத்துனவன்தான!”

அப்பாவும்! நான் துள்ளிவிட்டேன். உட்கார்ந்தபடி நகரும் பிள்ளைகள் உண்டு. தவழவே மாட்டார்கள். நடக்கவும் தாமதமாகும். பல குடும்பங்களில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதே கதை இருக்கும். ஒரு மாதமாக இந்தப் பதில் இந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

மாரிச்செல்வியைக் கிணற்றடிக்குத் தனியே அழைத்துப் போனேன். நான் கேட்பதற்கு முன்பே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“படி தாண்டினது கவின்க்கா. ரெண்டும் ஒண்ணா வளர்ற பிள்ளைக, ஒருத்தனுக்கு மட்டும் செஞ்சா மத்தது ஏங்கிப் போயிரும்னு அத்த ரெண்டு பேருக்கும் சேத்துச் செஞ்சாங்க. தெருவுல ரெண்டு பேரும் தாண்டிட்டாங்கன்னே சொல்லிக் குடுத்தோம்.”

“எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“நீங்க கொழுக்கட்ட எப்பன்னுதானக்கா கேட்டீங்க? அத்த பக்கத்துல இருந்தாங்க. அவங்க சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லல்லா. அதுனால இவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாதுக்கா. டாக்டர் அப்படிச் சொன்னதும் நானே குழம்பிட்டேன். ஒருவேள நான் பாக்காத நேரத்துல தாண்டியிருப்பாளோன்னு.”

கேள்வியைத் தப்பாகக் கேட்டவள் நான். மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டவளும் நான். பலகாரம் செய்ததைத்தான் கேட்டேன். பார்த்தது யார் என்று கேட்கவே இல்லை.

அங்கேயே நின்று மேடத்துக்குப் போன் செய்தேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. “ஏட்டி, அந்தக் கேள்வி என்னோடதுல்லா. நான்தான் தப்பு. அங்கனயே இரு, வாரேன்,” என்றார். அடுத்த பேருந்தில் வந்தார். அந்த வீட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் தரையில் உட்கார்ந்து, “நாங்க தப்பாக் கேட்டு, தப்பா எழுதி, உங்களப் பயமுறுத்திட்டோம். எங்க மேலதான் குத்தம்,” என்றார். மாரிச்செல்வியின் பக்கம் யாரும் விரல் நீட்டுவதற்கு அவர் இடமே வைக்கவில்லை. அவரோடு வேலை செய்ததில் எனக்கு மிகப் பெருமையான நேரம் எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஆனாலும் பயம் தீரவில்லை. புதிய கடிதத்தோடு நாங்களும் திருநெல்வேலிக்குப் போனோம். மருத்துவர் படித்தார், குழந்தையை மறுபடி சோதித்தார், இரத்த ரிப்போர்ட் நன்றாக இருப்பதைக் காட்டினார். “இது உண்மைன்னா மதுரைக்கு அவசரமில்ல. மூணு மாசம் தாரேன். நிக்கணும், எதையாவது பிடிச்சு எட்டு வைக்கணும். இல்லன்னா சோதனைகளச் செஞ்சுதான் ஆகணும்,” என்றார். மாரிச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் சன்னலைப் பார்த்தார்.

மூன்று மாதம்! முதல் வேலை, தர்ஷினியை இடுப்பிலிருந்து இறக்குவது. துவைக்கிற கல் அவள் மார்பளவு இருந்தது. அதன் மேல் அவளுக்குப் பிடித்த கரண்டியை வைத்தோம். ஆனால் நிற்க வைக்க இறக்கினால் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு காற்றில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். பாதத்தில் எதுவும் பட அவளுக்குப் பிடிக்கவில்லை. சாக்கு, மணல், வைக்கோல் எல்லாம் வைத்துப் பார்த்தோம். எதற்கும் முகம் சுளித்தாள்.

ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. “குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க,” என்றார் மேடம். “அருவி வேண்டாம். ஓரத்துல ஓடுற தண்ணியில காலு மட்டும்.” நானும் போனேன். போனதற்கு இன்னொரு பலனும் கிடைத்தது. அந்த ஈரப் பாறையின் ஓரம் நின்று மனிதர்கள் நடப்பதைப் பார்த்தேன். இரண்டு வயதுக் குழந்தை காலை அகட்டி, கையை விரித்து நடந்தது. எண்ணெய் வழியத் தொப்பையோடு வந்த பெரியவரும் காலை அகட்டி, கையை விரித்து நடந்தார். சாலையில் நெஞ்சை நிமிர்த்தி வந்த கல்லூரிப் பையன்கள் பாறையில் கால் வைத்ததும் முழங்காலை மடக்கி, விரலால் தரையைக் கவ்வினார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணி நான், பக்கவாட்டில் நண்டுபோல் நடந்தேன். நடக்கத் தொடங்கியபோது இருந்த நடை எங்களை விட்டு எங்கேயும் போகவில்லை. தரை வழுக்கினால் எல்லோரும் அந்த முதல் நடையையே எடுத்து நடக்கிறோம்! எனக்குப் பக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்து உலுக்கிக் காட்டவேண்டும்போல் இருந்தது.

“என்னக்கா, தனியாச் சிரிக்கீங்க?” என்றாள் மாரிச்செல்வி.

அவள் தர்ஷினியைத் தண்ணீரில் இறக்கினாள். குழந்தை காலை மேலே இழுத்துக்கொண்டாள். அம்மா மறுபடி இறக்கினாள், இவள் மறுபடி இழுத்தாள். பக்கத்தில் கவின் தண்ணீரைக் காலால் அடித்துச் சிதறவிட்டான். அது தர்ஷினியின் முகத்தில் பட்டது. கோபம் வந்துவிட்டது அவளுக்கு. திருப்பி அடிக்க வேண்டும், கை எட்டவில்லை. வலது காலை நீட்டி ஓங்கி ஒரு அடி அடித்தாள். தண்ணீர் அவன்மேல் தெறித்தது. சிரித்தாள். இடது காலாலும் அடித்தாள். அடித்த கால் கீழே போய்ப் பாறையில் ஊன்றியது, ஊன்றியபடியே இருந்தது. என் கை முந்திக்கொண்டு போனது. இழுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு தர்ஷினி துவைக்கிற கல்லைப் பிடித்து நின்றாள். கல்லைச் சுற்றி ஓர் எட்டு, இரண்டு எட்டு பக்கவாட்டில் வைத்தாள். சில நாள் எதுவுமே செய்யவில்லை. அந்த நாட்களில் மாரிச்செல்வி எனக்குப் போன் செய்து ஒன்றும் பேசாமல் இருப்பாள். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பேன்.

மருத்துவர் கொடுத்த கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்கு அழைத்தாள். “அக்கா, தாண்டிட்டா! படிய! உக்காந்துக்கிட்டே மேல ஏறி, அங்குன திரும்பி, வயித்த வச்சு வழுக்கி எறங்கி, கதவு நிலையப் புடிச்சு நின்னுட்டா. வீட்டுல யாருமே இல்ல. நான் மட்டும்தான் பாத்தேன். நம்புவீங்களாக்கா?”

“நீ பாத்தியா?”

“என் ரெண்டு கண்ணால.”

அதை அப்படியே எழுதினேன். திருநெல்வேலியில் மருத்துவர் அவளை மேசையோரம் நிற்க வைத்தார். பக்கவாட்டில் நான்கு எட்டு வைத்து அவருடைய ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கினாள். அவர் மதுரைச் சீட்டை எடுத்து, இரண்டாக மடித்துக் கிழித்தார். பேருந்தில் திரும்பும்போது மேடமும் மாரிச்செல்வியும் நானும் ஒரே நேரத்தில் பேசினோம்.

வந்த வெள்ளிக்கிழமை மாரிச்செல்வி கொழுக்கட்டை அவித்தாள். “திரும்பவுமா? தெருவுல என்னட்டி சொல்லுவ?” என்று மாமியார் தயங்கினார். “உள்ளதச் சொல்லுவேன் அத்த,” என்றாள். ஒரு கையில் தூக்குச்சட்டி, மறுகையில் தர்ஷினி. என்னையும் கூட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு ஆச்சி படியில் உட்கார்ந்திருந்தார். மாரிச்செல்வி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

“ஆச்சி, போன தடவ குடுத்தது கவினுக்கு மட்டுந்தான். நாங்க சேத்துச் சொல்லிட்டோம். இதுதான் இவளுக்கு.”

ஆச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எங்களுக்குத் தெரியாதாக்கும்? அன்னைக்கு இவள இடுப்புல வச்சுக்கிட்டுல்லா ‘படி தாண்டிட்டா’ன்னு குடுத்த! தெருவே சிரிச்சது. நாங்களும் வாயில வச்சிருந்ததத் துப்பவா முடியும்?”

தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. எங்கள் படிவத்துக்கு மட்டும்தான் தெரியவில்லை.

ஆச்சி ஒரு கொழுக்கட்டையைப் பிட்டு நீட்டினார். மாரிச்செல்வி குழந்தையைத் தரையில் விட்டாள். தர்ஷினி படியோரத்தைப் பிடித்து நின்றாள், நீட்டிய கையைப் பார்த்தாள், பிடியை விட்டாள். ஓர் எட்டு. இன்னோர் எட்டு. காலை அகட்டி, கையை விரித்து. பிறகு அவளுக்கு அவசரம் தாங்கவில்லை. தொப்பென்று உட்கார்ந்து, சர் சர் என்று தேய்த்துக்கொண்டே போய் வாங்கிக்கொண்டாள்.

பேருந்துக்குக் காத்திருக்கும்போது படிவத்தை எடுத்து எழுதினேன்: ‘இருபத்துமூன்றாம் மாதம். பிடிக்காமல் இரண்டு எட்டு. பிறகு உட்கார்ந்துவிட்டாள். பார்த்தவர்கள்: அம்மா, எதிர்வீட்டு ஆச்சி, நான்.’